‘கார்சினோமா’ என்னும் சொல்

ரயில்வே முன்பதிவு நிலையத்தில், சலுகைச் சீட்டுகள் வழங்கும் கவுண்டரில் பதினோர் ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் நமக்கு, உள்ளே நீட்டப்படும் தாள் எந்த வகையது என்பதைப் பிரித்துப் பாராமலே கூற இயலும். மாணவரின் விண்ணப்பம் பள்ளி முத்திரை மேலே தெரியும்படி வரும். ஆனால் ஒருவர் தாளை நான்காக மடித்து, மடிப்பின்மேல் விரலை அழுத்தியவாறே இருபுறமும் நோக்கிவிட்டுத் தள்ளுவாராயின், அது புற்றுநோயாளிகளுக்கான சான்றிதழ் என்று அறிந்துகொள்ளலாம். பரேல் மருத்துவமனைக்கு வந்து ஊர் திரும்பும் நம்மவர் பலர் இவ்வாறே தருகின்றனர். கண்ணாடிக்கு அப்பால் ஒரு தமிழ் முகத்தைக் கண்டதும் அவர்களுக்கு ஆறுதல் உண்டாகிறது. அதே கணத்தில் அச்சமும் உண்டாகிறது. “தம்பி, அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லுங்கள், பின்னால் எங்கள் ஊர்க்காரர் நிற்கிறார்” என்று ஓர் அம்மையார் நம்மிடம் கெஞ்சியதுண்டு. சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டே முழுக் கட்டணம் செலுத்திச் சென்றவர்களையும் கண்டிருக்கிறோம்.

பத்தாம் வகுப்புக்கு மேல் கல்லாத ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு மருத்துவச் சொல்லைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வாசக அன்பர்கள் வினவலாம். தகுதி ஏதுமில்லை. நாம் இழைத்த ஒரு பிழையே இக்கட்டுரைக்குக் காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நமது குடியிருப்பின் மேல்மாடியில் அம்பாசமுத்திரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று வாழ்கிறது. அந்த அம்மையாரை நாம் அக்கா என்றும், அவர் கணவரை அத்தான் என்றும் அழைப்போம். 2018-ஆம் ஆண்டு பொங்கலுக்குப் பின்னர், மகளிருக்கென நடைபெற்ற மருத்துவ முகாம் ஒன்றில் அக்கா மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். கையால் தடவினால் அகப்படும் கட்டி எதுவும் அவருக்கு இல்லை, வலியும் இல்லை. படத்தில் மட்டும் உப்புத்தூளைத் தெளித்தாற்போல் சில வெண்புள்ளிகள் காணப்பட்டன. ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினர். அறிக்கை ஒரு சனிக்கிழமை மாலை கைக்கு வந்தது. மருத்துவரைக் காணவேண்டிய நாளோ புதன். இடைப்பட்ட நாட்களில் உறையைப் பிரிக்காமல் வைத்திருக்க யாரால் இயலும்?

வருமான வரி அறிவிப்பாயினும், பள்ளிக் கடிதமாயினும், ஆங்கிலத் தாள் என்றால் குடியிருப்பில் உள்ளவர்கள் நம்மிடம் கொண்டுவருவது வழக்கம். அதில் நமக்குச் சிறிது பெருமையும் இருந்தது. அறிக்கையை வாங்கி இறுதி வரியைப் பார்த்தோம். ‘டக்டல் கார்சினோமா இன் சிட்டு’ என்று நான்கு சொற்கள் இருந்தன. முதற்சொல் விளங்கவில்லை. இரண்டாம் சொல் விளங்கிற்று. அது நாம் நாள்தோறும் சான்றிதழ்களில் காண்பது. எஞ்சிய இரண்டையும் ஏதோ இலத்தீன் அலங்காரம் என்று எண்ணித் தாண்டிவிட்டோம். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுமுன்பே அக்கா நமது முகத்தைப் படித்துவிட்டார்.

அப்போது அவர் மகளுக்குத் திருமணம் பேசி முடித்திருந்தனர், வைகாசியில் முகூர்த்தம். தாய்க்கு வந்த நோய் மகளுக்கும் வரும் என்று சம்பந்தி வீட்டார் பின்வாங்கிவிடுவார்களோ என்பதுதான் அக்காவின் முதற்கவலை. தம் உயிரைப் பற்றிய கவலை அதற்குப் பின்னரே வந்தது. “ஆடிதோறும் புற்றுக்குப் பால் வார்த்த கை இது. எனக்கா புற்று?” என்று ஒருமுறை கேட்டார். அதற்குமேல் அழவில்லை. புதன்கிழமை மருத்துவமனைக்குப் போகவும் இல்லை. மறுவாரம் அத்தான் நமது கவுண்டருக்கே வந்து, திருநெல்வேலிக்கு இரண்டு சீட்டுக் கேட்டார். திரும்பி வருவதற்கு ஒன்று போதும் என்றார். நாம் அவர் முகத்தைப் பாராமல் அச்சிட்டுக் கொடுத்தோம்.

ஐந்து வாரங்களுக்குப் பின், நமது சங்கத்தின் மாதக் கூட்டத்திற்கு ஒரு மருத்துவ அம்மையார் வந்திருந்தார். நோய்க்கூறு ஆய்வுத் துறையில், அதாவது இத்தகைய அறிக்கைகளை எழுதும் துறையிலேயே, பணிபுரிபவர். பெயர் கூறாமல் அவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அறிக்கையில் இருந்த சொற்களை வரிசையாகக் கூறுமாறு கேட்டார். கூறினோம். “கடைசி இரண்டு சொற்களை வீட்டாரிடம் சொன்னீர்களா?” என்று வினவினார். இல்லை என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தது, கடிந்துகொண்டிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அதனினும் கொடிதாயிருந்தது.

‘இன் சிட்டு’ என்பதற்கு இலத்தீன் மொழியில் ‘இருந்த இடத்திலேயே’ என்று பொருளாம். கேடான உயிரணுக்கள் தோன்றியுள்ளன. ஆனால் பால்சுரப்பிக் குழாயின் உட்படலத்திலேயே நிற்கின்றன. அதற்கு அடியிலுள்ள சவ்வைத் துளைத்து வெளியேறவில்லை. வெளியேறாத வரையில் உடலின் வேறு உறுப்புக்குச் செல்ல அவற்றுக்கு வழியில்லை. கவனியாது விட்டால் சிலருக்கு அது சவ்வைக் கடக்கும். சிலருக்குக் கடவாமலும் இருக்கலாம். யாருக்குக் கடக்கும் என்று முன்கூட்டி உறுதியாகக் கூற இயலாமையால் அதை அகற்றிவிடுகின்றனர். அவ்வாறு அகற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றனர். இவ்வளவும் அந்த இரண்டு சொற்களுக்குள் இருந்தன. அவற்றைத்தான் நாம் அலங்காரம் என்று எண்ணித் தாண்டினோம்.

அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் பேசினோம். ஏழாவது வாரத்தில் அக்கா மும்பை திரும்பினார். அறுவைச் சிகிச்சையும், பின்னர் கதிர்ச் சிகிச்சையும் நடந்தன. தாமதத்தால் நல்வேளையாகக் கேடு விளையவில்லை. வைகாசியில் திருமணமும் நடந்தது. சம்பந்தி வீட்டாரிடம் அத்தானே நேரில் சென்று சொல்லிவிட்டார். புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் என்று மருத்துவ அம்மையார் கூறியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார்.

நிற்க. இனிச் சொல்லின் வரலாற்றுக்கு வருவோம்.

‘கார்சினோமா’ கிரேக்கச் சொல். அம்மொழியில் ‘கார்க்கினோஸ்’ என்றால் நண்டு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பிறந்த ஹிப்போகிரட்டீஸ் என்னும் வைத்தியரின் பெயரால் வழங்கும் நூல்களில், ஆறாத புண்ணையும் பரவும் கட்டியையும் குறிக்க இச்சொல் வருகிறது. கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகள் நண்டின் கால்களைப் போல் விரிந்திருந்தன என்பது பழைய விளக்கம். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமரான செல்சஸ் இதை இலத்தீனில் எழுதியபோது, அம்மொழியில் நண்டுக்குரிய பெயராகிய ‘கான்சர்’ என்பதைக் கையாண்டார். ஆகவே கார்சினோமாவும் கான்சரும் பிறப்பில் ஒரே நண்டின் இரு பெயர்கள். அடுத்த நூற்றாண்டில் காலன் என்னும் வைத்தியர், வீக்கத்தையும் பருமனையும் குறிக்கும் ‘ஓன்கோஸ்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். இன்று மருத்துவமனைப் பலகைகளில் ‘ஓன்காலஜி’ என்று காண்பது அதன் வழி வந்ததே. ‘டியூமர்’ என்பதும் தொடக்கத்தில் வெறும் வீக்கந்தான். அழற்சிக்குச் செல்சஸ் கூறிய நான்கு அடையாளங்கள் செம்மை, வீக்கம், வெப்பம், வலி என்பன. அவற்றுள் இரண்டாவதற்கு அவர் இட்ட சொல் ‘டியூமர்’. முழங்கால் அடிபட்டு வீங்கினாலும் அக்காலத்தில் அது டியூமரே.

இந்த நண்டு நமது நாட்டு மொழிகளிலும் ஊர்ந்திருக்கிறது. மராத்தியர் ‘கர்க்கரோக்’ என்கின்றனர். வங்காளிகள் ‘கர்க்கட ரோக்’ என்கின்றனர். நாம் சோதிடத்தில் கடக ராசி என்று சொல்லும் அதே நண்டுதான். மலையாளிகளும் கன்னடியரும் ஆயுர்வேத நூல்களில் கட்டிக்கு வழங்கும் ‘அர்புதம்’ என்னும் வடசொல்லை வைத்துக்கொண்டனர். நமது அலுவலகத்தில் மலையாள நண்பர் ஒருவர், தம் மாமனுக்கு அர்புதம் என்று வருத்தத்துடன் கூற, பக்கத்து மேசைத் தமிழர் ‘அற்புதம்’ என்று காதில் வாங்கிக்கொண்டு கைகுலுக்கச் சென்றார். அந்தச் சங்கடத்தை இன்றும் அவ்விருவரும் பேசிச் சிரிப்பதில்லை.

தமிழர் நண்டை விட்டுவிட்டுக் கறையானிடம் சென்றனர். புற்று என்பது கறையான் எடுக்கும் மண்மேடு. வெளியில் தெரிவது கொஞ்சம். உள்ளே வழிகள் எங்கெங்கோ ஓடும். இடித்தால் மீண்டும் எழும். நோயின் இயல்புக்கு நண்டைக் காட்டிலும் இது பொருந்தும் என்பது நமது கருத்து. ஆயினும் இவ்வுவமை நமது அச்சத்தையும் பெருக்கியிருக்கிறது. புற்று என்றால் அதனுள் பாம்பு உண்டு. பாம்பு என்றால் தெய்வக் குற்றம் உண்டு. அக்காவின் வினாவில் இருந்தது அதுதான். கிரேக்கனின் நண்டு யாரையும் சபிப்பதில்லை.

பண்டைய வைத்தியர் கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு பெயரிட்டனர். 1838-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான யோகன்னஸ் முல்லர், இக்கட்டிகளும் உயிரணுக்களால் ஆனவையே என்று நுண்ணோக்காடியின் துணையால் எடுத்துக் காட்டினார். அதன் பின்னர் எந்த உயிரணுவில் தோன்றியது என்பதைக் கொண்டு பெயரிடும் வழக்கம் வளர்ந்தது. இன்று கார்சினோமா என்றால் எல்லாப் புற்றுநோயும் அன்று. தோலின் மேற்பரப்பையும், வாய், உணவுக்குழல், குடல், நுரையீரல் வழிகள், கருப்பை வாய் ஆகியவற்றின் உட்பரப்பையும் போர்த்தியிருக்கும் படலத்தில் தோன்றும் கேடான வளர்ச்சியே கார்சினோமா. சுரப்பிகளை ஆக்கும் உயிரணுக்களும் இவ்வகையிற் சேர்ந்தவை. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பகுதி இதுவே. எலும்பு, தசை முதலியவற்றில் தோன்றுவதைச் ‘சார்கோமா’ என்பர். இரத்தத்தில் தோன்றும் ‘லுக்கீமியா’வில் கட்டியே காணப்படாமலிருக்கும்.

கார்சினோமாவுக்கு முன்னால் வரும் அடைமொழியும் பொருளுடையது. ‘அடினோ’ என்றால் சுரப்பி. ‘ஸ்குவாமஸ்’ என்றால் மீன் செதில் போன்ற தட்டை உயிரணுக்கள்; புகையிலை அடக்குவோர் வாயில் வருவது பெரும்பாலும் இவ்வகை. ‘பேசல் செல்’ என்பது தோலில் வருவது. அது வேறிடத்துக்குப் பரவுவது மிக அரிது. கார்சினோமா என்னும் ஒரே சொல், ஒருபுறம் தோலில் சிறு அறுவையோடு தீர்வதையும், மறுபுறம் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியதையும் குறிக்கிறது. சொல்லை மட்டும் கேட்டுவிட்டு ஒருவர் கதி இன்னது என்று கூற எவராலும் இயலாது.

‘ஓமா’ என்னும் ஈறு பலரை மயக்குகிறது. ‘லைப்போமா’ என்பது கொழுப்புக் கட்டி, பெரும்பாலும் தொல்லையற்றது. ‘ஃபைப்ரோமா’வும் தீங்கற்றதே. ‘ஹீமட்டோமா’ கட்டியே அன்று. அடிபட்ட இடத்தில் இரத்தம் தேங்கியிருப்பது. ஆனால் ‘லிம்ஃபோமா’, ‘மெலனோமா’ என்பவை புற்றுநோய்கள். நமது குடியிருப்பில் ஓய்வூதியம் பெறும் ஒரு பெரியவர், தமக்கு ‘கிளாக்கோமா’ என்று எழுதியிருப்பதைக் கண்டு உயில் எழுத வக்கீலைத் தேடினார். அது கண்ணில் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு கெடும் நோய். அதையும் அசட்டை செய்யலாகாது. ஆனால் உயில் எழுத அவசரமில்லை.

அறிக்கைகளில் வரும் வேறு சில சொற்களையும் இவ்விடத்தில் கூறிவிடுவது நலம். ‘நியோபிளாசம்’ என்றால் புதிதாய் உருவானது என்றே பொருள். நல்லதா கெட்டதா என்று அச்சொல் சொல்லாது. ‘பினைன்’ என்பது இலத்தீனில் நற்பிறப்புடையது என்னும் கருத்தில் பிறந்தது. ‘மாலிக்னன்ட்’ அதற்கு நேர்மாறானது. அருகிலுள்ள சதைக்குள் புகுவதும், வேறிடம் சென்று குடியேறுவதும் பின்னதன் குணம். ‘நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி’ என்று எழுதியிருந்தால் கேடான உயிரணு காணப்படவில்லை என்று பொருள், நற்செய்தி அது. நெகட்டிவ் என்றாலே கெட்டது என்று எண்ணி ஒரு பாட்டியார் இரண்டு நாள் உண்ணாதிருந்தார். ‘பாசிடிவ்’ என்றதும் இனிப்பு வழங்கியவர்களும் உண்டு என்று மருத்துவ அம்மையார் சொன்னபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை.

‘கிரேடு’ என்பதும் ‘ஸ்டேஜ்’ என்பதும் ஒன்றல்ல. நுண்ணோக்காடியில் அந்த உயிரணு தன் தாய்ச் சதையை எவ்வளவு ஒத்திருக்கிறது, எவ்வளவு விரைவாய்ப் பெருகும் தோற்றம் கொண்டிருக்கிறது என்பது கிரேடு. நன்கு ஒத்திருந்தால் ‘வெல் டிஃபரன்ஷியேட்டட்’ என்பர்; ஒற்றுமை குறையக் குறைய முரட்டுத்தனம் மிகும். உடலில் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பது ஸ்டேஜ். கிரேடு மூன்று என்று எழுதியிருப்பதைப் பார்த்து மூன்றாம் ஸ்டேஜ் என்று அலறவேண்டியதில்லை.

‘மெட்டாஸ்டாஸிஸ்’ என்னும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் இடமாற்றம் என்று பொருள். ரயில்வே ஊழியருக்கு இதைவிட எளிதில் விளங்கும் சொல் வேறில்லை. மார்பகத்தில் தோன்றிய கார்சினோமா எலும்புக்குச் சென்று தங்கினாலும், மருத்துவர் அதை எலும்புப் புற்று என்று அழையார். எலும்பிற்குச் சென்ற மார்பகப் புற்று என்பார். மருந்தும் பெரும்பாலும் பிறந்த இடத்தின் இயல்பை நோக்கியே கொடுப்பார். எத்தனை தலைமுறை தாராவியில் வாழ்ந்தாலும் ‘எந்த ஊர்?’ என்றால் நாம் திருநெல்வேலி என்பதில்லையா? இவ்வுவமை வாசகர்க்கு உவப்பாயிராது என்பது தெரியும்; ஆயினும் மறவாது நினைவில் நிற்கும் என்பதால் எழுதிவிட்டோம்.

இதுவரை சொல்லை மிகுதியாய் அஞ்சியதன் விளைவைக் கூறினோம். சொல்லை ஒளித்ததன் விளைவு ஒன்றும் உண்டு.

தாராவியில் இட்லிக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண்ணோடு பல மாதம் இருந்தார். முப்பது ஆண்டு புகையிலைப் பழக்கம். அக்கம்பக்கத்து வைத்தியர் ஒருவர் பார்த்துவிட்டு ‘குரோத்’ என்றார். வளர்ச்சி என்றுதானே பொருள்? குடும்பத்தார் சதை வளர்ந்திருக்கிறது என்று எண்ணி, வாய் கொப்பளிக்க மருந்து வாங்கினர். பின்னர்ச் சதைச் சோதனை நடந்து, ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று அறிக்கை வந்தது. அதை மகன் வாங்கி மறைத்துவிட்டார். தந்தையிடம் ‘அல்சர்’ என்று கூறுமாறு மருத்துவரையும் வேண்டிக்கொண்டார். அல்சர்தானே என்று பெரியவர் கடையை மூடவில்லை, குறித்த நாட்களில் சோதனைக்கும் செல்லவில்லை, புகையிலையையும் விடவில்லை. மகனைக் குறை கூற நமக்கு மனமில்லை. தந்தையின் மனம் உடைந்துவிடும் என்று அவர் மெய்யாகவே அஞ்சினார்.

கடைசியில், மகள் வீட்டில் தங்கி அடையாற்றில் சிகிச்சை பெறுவதென முடிவாயிற்று. மகன் நம்மிடம் சான்றிதழைக் கொடுத்துச் சலுகைச் சீட்டு வாங்கிச் சென்றார். சலுகையின் குறி சீட்டில் ஆங்கிலத்தில் அச்சாகும் என்பதை நாமும் சொல்லவில்லை, அவரும் கவனிக்கவில்லை. பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் நாற்பது ஆண்டு மும்பையில் பஸ் பலகை படித்துப் பழகியவர், எழுத்துக் கூட்டுவார். வண்டியில் சீட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். சில மாதங்களுக்குப் பின் கடைச் சாமான்களை விற்பதற்காக மும்பை வந்தபோது, நமது கவுண்டருக்கும் வந்தார். பேச்சுச் சரியாக எழவில்லை. “டாக்டர் சொல்லல, பெத்த பிள்ளை சொல்லல. உங்க சீட்டுதான் தம்பி சொல்லிச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா அந்த எழவெடுத்த பொகையிலையையாவது விட்டுத் தொலைச்சிருப்பேன்” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. 2021-ஆம் ஆண்டு அவர் காலமானார். முன்னரே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நாம் கூற முடியாது. தம் உடலைப் பற்றிய செய்தியை அவர் ரயில் சீட்டில் படிக்க நேர்ந்தது என்பது மட்டும் உறுதி.

அவர் சென்ற அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும், அக்காவைப் போன்றோர் நாடிச் செல்லும் பரேல் டாட்டா நினைவு மருத்துவமனைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் ஒரு குடும்பத்தின் துக்கத்தில் வேர்கொண்டவை. டாட்டா குடும்பத்து மெஹர்பாய் அம்மையார் 1931-இல் இரத்தப் புற்றால் மறைந்தார். அவர் கணவர் தோராப்ஜியும் அடுத்த ஆண்டிலேயே மறைந்தார். அவர் நிறுவிய அறக்கட்டளை கட்டிய மருத்துவமனை 1941 பிப்ரவரி 28-இல் திறக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நினைவோடு பல ஆண்டு முயன்று 1954-இல் அடையாற்றில் மருத்துவமனையைத் தொடங்கினார். மறு ஆண்டில் அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அதனோடேயே வாழ்ந்தார். இவர்கள் ஒருவரும் இச்சொல்லை மெதுவாகச் சொல்லவில்லை. கட்டடத்தின் முகப்பிலேயே எழுதி வைத்தனர்.

இனி நமக்கு மெய்யாகவே தெரிந்த விஷயத்துக்கு வருகிறோம். சிகிச்சைக்கோ, குறித்த காலச் சோதனைக்கோ பிரயாணம் செய்யும் புற்றுநோயாளிக்கு, ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் கட்டணம் கிடையாது. உடன் செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 சதவீதம் குறையும். இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, குளிர்சாதன நாற்காலி வகுப்பு ஆகியவற்றில் இருவருக்குமே 75 சதவீதம். இரண்டடுக்குக் குளிர்சாதனத்திலும் குளிர்சாதன முதல் வகுப்பிலும் 50 சதவீதம். மூத்த குடிமக்களுக்கான சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதை வைத்து, எல்லாச் சலுகையும் போயிற்று என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். நோயாளிகளுக்கான சலுகை நிற்கவில்லை. சிகிச்சை தரும் மருத்துவமனையில், அதற்கென உள்ள படிவத்தில் கையொப்பமும் முத்திரையும் பெற்று, முன்பதிவு நிலையத்தில் நேரில் கொடுக்கவேண்டும். புறப்படும் ஊரும் சேரும் ஊரும் அதில் தெளிவாக இருத்தல் அவசியம். அச்சாகும் சீட்டில் சலுகைக் குறி இருக்கும் என்பதையும் இப்போது ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுகிறோம். நோயாளிக்குத் தெரியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்பதும் உண்டு.

அக்கா ஆண்டுக்கொரு முறை பரேலுக்குச் சோதனைக்குச் சென்று வருகிறார். உள்ளூரில் இருப்பதால் அவருக்கு நமது கவுண்டரில் வேலையில்லை. அறிக்கையை மட்டும் நம்மிடம் கொண்டுவருகிறார். ஆனால் மருத்துவரிடம் முதலில் காட்டிவிட்டு. “எல்லாச் சொல்லையும் படி தம்பி, எதையும் விடாதே” என்று எதிரில் அமர்ந்துகொள்கிறார். விளங்காத சொல்லை விளங்கவில்லை என்றே கூறுகிறோம்.

சான்றிதழ் கொண்டுவரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாளை மடியாமல் கொண்டுவாருங்கள். நான்காக மடித்துப் பல நாள் சட்டைப் பையில் வைத்தால், மடிப்பு விழும் இடத்தில் எழுத்து தேய்ந்துவிடுகிறது. அங்கே பெரும்பாலும் ஊரின் பெயர்தான் இருக்கும். அது தெரியவில்லை என்று, இரவெல்லாம் வண்டியில் வந்த ஒருவரை நாம் மீண்டும் மருத்துவமனைக்குத் திருப்பியனுப்ப நேர்ந்ததுண்டு.